பாப்லர், மஹாகனி, நியாட்டோ: மூன்று பேஸ் கிட்டார்களும் அவற்றின் நெக்கும்

மும்பையில் பேஸ் கிட்டார் வாங்கக் கடை ஏறினால் முதலில் காதில் விழுவது மரத்தின் பெயர்தான். தோபி தலாவ் ஜெர் மஹால் பக்கமானாலும் சரி, மேற்குப் புறநகர்க் கடைகளானாலும் சரி, இது மஹாகனி பாடி, சத்தம் கனமாக வரும், அது பாப்லர், ஆரம்பநிலைக்காரர்களுக்குப் போதும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். விலைச்சீட்டிலும் அதே வரிசைதான். தாராவி, செம்பூர், சயான் கோலிவாடா பக்கம் சர்ச் இசைக்குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசித்துக்கொண்டு, 25,000 முதல் 40,000 ரூபாய்க்குள் உருப்படியான ஒரு பேஸ் தேடுகிறவர்களுக்காக இந்த மதிப்பீடு.

எடுத்துக்கொண்டவை மூன்று: ஸ்குவையர் (ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்ட்) அஃபினிட்டி ஜாஸ் பேஸ், யமஹா டிஆர்பிஎக்ஸ் 304, ஐபனெஸ் எஸ்ஆர் 300இ. மூன்றும் நான்கு கம்பி, மூன்றுக்கும் ஸ்கேல் நீளம் (கம்பி ஆடும் நீளம்) 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. மூன்றிலும் நெக் என்ற கழுத்துத் தண்டு பாடி என்ற உடல் கட்டையோடு திருகால் இணைக்கப்பட்டது. ஆனால் பாடி மரம் மூன்றிலும் வேறு, நெக் கட்டுமானமும் ஒன்றுபோல் இல்லை. மரமும் கட்டுமானமும் ஒலியை எவ்வளவு மாற்றுகின்றன என்று ஒப்பிட இதைவிட நல்ல கூட்டணி இந்த விலையில் அமையாது.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். மேடையில் நம்பி வாசிக்க ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமென்றால் யமஹா. ஆனால் அதன் மஹாகனிக்காக வாங்க வேண்டாம்.

மரம் என்றால் நமக்கு உடனே நம்பிக்கை வருவதற்குக் காரணம் உண்டு. தஞ்சாவூர் வீணைக்குப் பலா, மிருதங்கத்துக்கும் பலா, நாகஸ்வரத்துக்கு ஆச்சா என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்துக்கு இறங்கி, குடத்தின் பலகை காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது அந்தப் பலகையைத்தான். பலாவின் வயதும் வறட்சியும் குடைந்த சுவரின் தடிமனும் நேராக ஒலியில் வந்து நிற்கும். எலெக்ட்ரிக் பேஸில் அந்த வேலையை மரம் செய்வதில்லை. கம்பிக்குக் கீழே காந்தமும் செப்புச் சுருளும் இருக்கின்றன, இதுதான் பிக்கப். எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பிக்கப் மரத்தைக் கேட்பதில்லை, கம்பியின் ஆட்டத்தை மட்டுமே கேட்கிறது.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது எதிர்த்திசையில். மரம் ஒலியைக் கூட்டுவதில்லை, கம்பியிடமிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. கம்பியின் இரு முனையும் எவ்வளவு அசையாமல் நிற்கின்றனவோ அவ்வளவு நேரம் ஸ்வரம் நிற்கும். முனை அசைந்தால் கம்பியின் ஆட்டம் அந்த வழியாக மரத்துக்குள் கசிந்து வெப்பமாகப் போய்விடும். எந்த முனையில் கசிவு அதிகம் என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி.

பாடியில் கம்பி வந்து முடியும் பிரிட்ஜ் முனையைப் பாருங்கள். நாலு செ.மீ. தடிமனுள்ள கனத்த மரக்கட்டையின் நடுவில் திருகி வைத்த உலோகம், அது எளிதில் அசையாது. மறுமுனையில் நிலைமை வேறு. ஜாஸ் பேஸில் நெக் பாடியை விட்டு வெளியே வரும் இடம் ஏறக்குறைய 16ஆவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை). அங்கிருந்து கம்பியின் மறுமுனையைத் தாங்கும் நட் வரை 52 செ.மீ., அதற்கு மேல் ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதி, அதில் நான்கு டியூனிங் கீ. இரண்டு செ.மீ. தடிமன் மட்டுமே உள்ள ஒரு குச்சி, ஒரு முனையில் மட்டும் பிடித்து, மறுமுனையில் கனம் கட்டி நிற்கிறது. மேசை ஓரத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடித்துத் தட்டினால் எப்படி ஆடுமோ, நெக்கும் அப்படித்தான் தனக்கென்று சில அதிர்வெண்களில் ஆடும். கம்பியின் ஸ்வரம் அந்த அதிர்வெண்ணில் விழுந்தால் நெக் அதை விழுங்கிவிடும். வாசிப்பவர்கள் டெட் ஸ்பாட் என்று சொல்வது இதைத்தான்.

நெக்கைத் திருகி இணைத்த சாதாரண பேஸ்களில் டெட் ஸ்பாட் பெரும்பாலும் மிக மெல்லிய ஜி கம்பியில் 5 முதல் 7ஆவது ஃப்ரெட்டுக்குள் வருகிறது. திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். 5ஆவது ஃப்ரெட்டில் அது 131, 7ஆவதில் 147. நெக்கின் ஓர் இயல்பு அதிர்வு இந்த இடைவெளியில் அமைந்துவிடுவதால் வரும் சிக்கல் இது. வேர்ச்சுரம் (கார்டின் அடிப்படைச் சுரம்) மட்டும் பிடித்துக்கொண்டு தடித்த ஈ, ஏ கம்பிகளில் நிற்பவருக்கு இது தெரியவே தெரியாது. மெல்லிசை மேடையில் இளையராஜா பாடல்களுக்கு வாசிப்பவருக்குத் தெரியும். அங்கே பேஸ் தனி மெட்டாக மேலும் கீழும் நடக்கும், டி, ஜி கம்பிகளின் நடுப்பகுதிதான் அதன் நடமாட்ட இடம். நீட்டிப் பிடிக்க வேண்டிய ஸ்வரம் ஒரு நொடியில் தேய்ந்தால், கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். குற்றம் கையில் இல்லை.

கடையில் இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆம்பில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் எல்லாம் நடுவில், சத்தம் பேச்சளவுக்கு மட்டும். சத்தம் அதிகமானால் ஸ்பீக்கரின் அதிர்வே கம்பியைத் தூண்டிக் குறையை மறைத்துவிடும். ஜி கம்பியில் முதல் ஃப்ரெட்டில் தொடங்கி 12 வரை ஒவ்வொன்றையும் ஒரே வலுவில் ஒரே இடத்தில் மீட்டி, விரலை எடுக்காமல், மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் எவ்வளவு நேரம் தெளிவாக நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்து ஃப்ரெட்கள் ஆறு ஏழு நொடி நிற்க, ஒன்று மட்டும் இரண்டு நொடியில் அடங்கினால் அதுதான் இடம். 5ஆவது ஃப்ரெட் என்று வைத்துக்கொள்வோம். அதே ஸ்வரம் டி கம்பியின் 10ஆவது ஃப்ரெட்டில் இருக்கிறது, அதை மீட்டுங்கள். அங்கே நன்றாக நின்றால் பிக்கப் மீதும் ஆம்ப் மீதும் பழி இல்லை. 10ஆவது ஃப்ரெட் பாடிக்குக் கிட்டே இருப்பதால் அங்கே நெக் குறைவாகவே அசையும், அதனால்தான் அதே ஸ்வரம் தப்பிக்கிறது.

சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு வழி. ஹெட்ஸ்டாக்கின் முனையில் மடித்த துணி வைத்து, கடையின் மரக் கதவுச் சட்டத்தில் லேசாகச் சாய்த்து, அந்த ஃப்ரெட்டை மறுபடி மீட்டுங்கள். செத்துக் கிடந்த ஸ்வரம் எழுந்து நிற்கும். நெக்கின் ஆட்டத்தைச் சட்டம் தடுத்துவிட்டது. இதையே நிரந்தரமாகச் செய்வதுதான் ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் பித்தளைக் கிளாம்ப். கனம் கூடும்போது நெக்கின் அதிர்வெண் இறங்கி, டெட் ஸ்பாட் ஒன்றிரண்டு ஃப்ரெட் கீழே நகரும். மறையாது, நகரும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் போய் விழுந்தால் அதிர்ஷ்டம். கனம் கூடுவதால் நெக் கீழே தொங்கும் தொல்லையும் கூடவே வரும்.

ஸ்குவையர் அஃபினிட்டி இந்தச் சோதனைக்கு மிகவும் உட்பட வேண்டிய பேஸ். அதன் நெக் ஒரே துண்டு மேப்பிள், பெரிய ஹெட்ஸ்டாக், 20 ஃப்ரெட். ஒரே துண்டு மரம் என்றால் ஒவ்வொரு நெக்கும் அந்தப் பலகையின் குணத்தோடு வரும். இழை நேராக ஓடினால் விறைப்பாக இருக்கும், சாய்ந்து ஓடினால் இருக்காது. ஒரே மாடல், ஒரே நிறம், அடுத்தடுத்த சீரியல் எண்ணில் ஒன்று அருமையாகவும் ஒன்று 6ஆவது ஃப்ரெட்டில் ஊமையாகவும் இருக்கலாம். ஆகவே பெட்டி பிரிக்காத புதுசு வேண்டும் என்று அடம்பிடிக்காமல், கடையில் இருக்கும் இரண்டு மூன்றையும் வாசித்துப் பார்த்து, நெக் நல்லதாக உள்ளதையே எடுங்கள். சுவரில் மாட்டியிருந்ததே பரவாயில்லை.

யமஹாவிலும் ஐபனெஸிலும் நெக் ஐந்து துண்டுகளை ஒட்டிச் செய்தது. யமஹாவில் மேப்பிளும் மஹாகனியும், ஐபனெஸில் மேப்பிளும் வால்நட்டும். அழகுக்காக மட்டும் இப்படிச் செய்வதில்லை. ஒரு துண்டு ஒரு பக்கம் முறுக்க நினைத்தால் பக்கத்துத் துண்டு இழுத்துப் பிடிக்கும். நெக்குக்கு நெக் உள்ள வித்தியாசமும் குறையும். மழைக்காலத்தில் மும்பையின் காற்று ஈரம் 85, 90 சதவீதத்தில் வாரக்கணக்காக நிற்கும் ஊரில் இந்த ஒட்டுவேலைக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. யமஹாவை முதலில் வைத்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஐபனெஸுக்கும் ஐந்து துண்டு நெக் இருக்கிறதே, அது ஏன் இரண்டாவது? தடிமன்தான் காரணம். எஸ்ஆர் வரிசையின் பெருமையே மெல்லிய நெக்: நட்டில் 38 மி.மீ. அகலம், முதல் ஃப்ரெட்டில் 19.5 மி.மீ. தடிமன். கைக்கு அவ்வளவு சுகம். மூன்று மணி நேரக் கச்சேரியில் இடது கட்டை விரல் வலிக்காது, சின்னக் கைகளுக்கு இதைவிட நல்ல நெக் இந்த விலையில் இல்லை. ஆனால் ஒரு தண்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும். 21 மி.மீ. நெக்கை 19.5 ஆக்கினால் தடிமன் 7 சதவீதம்தான் குறையும், விறைப்போ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எந்த மரத்தை மாற்றினாலும் இந்தக் கணக்கின் முன் அது இரண்டாம்பட்சம். ஐபனெஸ் இதை ஈடுகட்டச் செய்திருப்பது இரண்டு: ஹெட்ஸ்டாக்கைச் சிறிதாக வைத்தது, ஃப்ரெட் பதிக்கும் மேல் பலகையான ஃப்ரெட்போர்டுக்கு ஜடோபா போட்டது. ஜடோபா கன மீட்டருக்கு 900 கிலோவைத் தொடும் கனத்த மரம். மேப்பிளின் மீள்தன்மை எண் (மரத்தின் விறைப்பைச் சொல்லும் அளவு) 12.6 கிகாபாஸ்கல் என்றால் ஜடோபாவுடையது 19ஐ ஒட்டி வரும். விறைப்புக்கு நல்ல உதவி. இருந்தாலும் மெல்லிய நெக் மெல்லிய நெக்தான், செட்டப்பில், அதாவது நெக்கின் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யும் வேலையில், அடிக்கடி கை வைக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரெட்போர்டு மரங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் மரங்களின் கதை. ரோஸ்வுட் என்று உலகம் முழுக்கச் சொல்வது நம் ஈட்டி மரத்தையும் அதன் இனத்தாரையும்தான். 2017 ஜனவரியில் அந்த இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது, ரோஸ்வுட் உள்ள கிட்டார்களை விற்பனைக்கு எல்லை தாண்டி அனுப்பக் காகிதம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் பல கம்பெனிகள் வேறு மரங்களுக்கு மாறிவிட்டன. ஸ்குவையர் மாறியது இந்தியன் லாரல் என்ற மரத்துக்கு, அதாவது நம் கருமருது. ஈட்டி போய்க் கருமருது வந்ததால் தரம் இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு மி.மீ. பலகைக்குத் தேவையான கடினம் கருமருதுக்கு உண்டு. ஃப்ரெட்டில் கம்பி தொடுவது உலோகத்தைத்தான், மரத்தை அல்ல. ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் கதை வேறு, அங்கே கம்பி மரத்திலேயே உரசுகிறது, மரத்தின் கடினம் நேராகக் காதுக்கு வரும்.

இனி பாடி. அஃபினிட்டியில் பாப்லர். இதைத்தான் மட்ட மரம் என்கிறார்கள். விலை கூடிய ஃபெண்டர்களில் வரும் ஆல்டரோடு வைத்து எடைபோட்டுப் பாருங்கள்: இரண்டும் கன மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை ஆஷ் மரத்தில் கொண்டுவந்ததும், 1956 வாக்கில் ஆல்டருக்கு மாறியதும் கிடைத்த மரம், விலை, வண்ணப்பூச்சு எளிதாக ஏறுவது ஆகியவற்றைப் பார்த்துத்தான். யமஹாவின் மஹாகனி 590 கிலோவை ஒட்டி, ஐபனெஸின் நியாட்டோ அதைவிடச் சற்றுக் கூட. நாலரை லிட்டர் கன அளவுள்ள ஒரு பாடியை எடுத்துக்கொண்டால் பாப்லரில் இரண்டு கிலோ, மஹாகனியில் 2.6 கிலோ. தோளுக்கு இந்த அறுநூறு கிராம் தெரியும். பிக்கப்புக்கு அநேகமாகத் தெரியாது. பாடியில் காதை வைத்து ஆம்ப் இல்லாமல் மீட்டினால் மூன்றும் மூன்று விதமாகப் பேசுவது உண்மை. அதைக் கேட்டு மயங்கி வாங்கிப் போய் ஆம்பில் மாட்டினால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

பாடியின் கனம் ஒரு விஷயத்தில் முக்கியம்: நெக் தொங்குவது. லேசான பாடியும் கனத்த ஹெட்ஸ்டாக்கும் சேர்ந்தால், கையை விட்டதும் நெக் தரையைப் பார்க்கும். வாசிக்கும் இடது கை ஒரே நேரத்தில் சுமைதூக்கியாகவும் இருக்க வேண்டும். கடையில் ஸ்ட்ராப் கேட்டு வாங்கி, நின்று, இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். அஃபினிட்டியில் லேசான பாடி கிடைத்தால் இது நேரலாம். அகலமான சொரசொரப்பான ஸ்ட்ராப் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

நெக் பாடியோடு சேரும் பொந்தை எல்லாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி தெரிந்தால் பதற வேண்டாம், ஒலியைத் தாங்குவது அடித்தளத்தின் தொடர்பு. நெக் அசைகிறதா என்பதே கேள்வி. ஹெட்ஸ்டாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். ஈ கம்பியோ ஜி கம்பியோ ஃப்ரெட்போர்டு ஓரத்துக்கு நகர்ந்து, விட்டதும் திரும்பாமல் நின்றால் திருகு தளர்ந்திருக்கிறது. இதற்கு ஒரு பழைய வைத்தியம்: கம்பிகளை முழு டியூனிங்கில் வைத்துக்கொண்டு, பின்பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். லேசாக ஒரு கிரீச் சத்தம் கேட்கும். கம்பியின் இழுவையே நெக்கைப் பொந்தின் அடியில் உட்கார வைத்துவிட்டது. பிறகு குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மர ஓட்டை வழுக்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. இது சில பேஸ்களில் உடனே காதுக்குத் தெரிகிற மாற்றத்தைத் தரும், செலவு ஒன்றுமில்லை. பொந்துக்குள் நெக்கின் சாய்வைச் சரிசெய்ய வைத்த பழைய ஷிம் காகிதம் மடிந்து கசங்கிக் கிடந்தால் அதையும் எடுத்துச் சீராக்குங்கள்.

நெக் பாடி வழியாகவே ஓடும் நெக்-த்ரூ கட்டுமானம் இந்த விலையில் அரிது, அதற்காக ஏங்கவும் தேவையில்லை. மேல் ஃப்ரெட்களுக்குக் கை எளிதில் போகும் என்பது நிஜமான லாபம். டெட் ஸ்பாட்டை அது ஒழிப்பதில்லை, 52 செ.மீ. குச்சி அங்கேயும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கனத்த பித்தளை பிரிட்ஜ் மாற்றினால் சத்தம் மாறுமா என்ற கேள்விக்கும் அதிக இடம் தேவையில்லை. அஃபினிட்டியின் வளைத்த தகடு பிரிட்ஜ் போதுமானது, அந்தப் பணத்தைக் கம்பியில் போடுங்கள்.

காதுக்கு நேராகக் கேட்கும் வித்தியாசம் பிக்கப் இருக்கும் இடத்திலும் மின்சுற்றிலும் இருக்கிறது. இங்குதான் மூன்று பேஸ்களும் உண்மையில் பிரிகின்றன.

ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். நெக் பக்கத்துப் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் அடிச்சுரம் பெரிதாக ஆடும், ஒலி உருண்டு வரும். பிரிட்ஜ் பிக்கப் இருக்கும் இடத்தில் கம்பியின் ஆட்டம் சிறியது, ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக. 1970களில் ஃபெண்டர் இந்தப் பிரிட்ஜ் பிக்கப்பை வெறும் ஒரு செ.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்த்தியதற்கே, அறுபதுகளின் ஜாஸ், எழுபதுகளின் ஜாஸ் என்று இன்றுவரை ஆட்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு செ.மீ. நகர்வு செய்வதை எந்த மர மாற்றமும் செய்ததில்லை. இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், நடு அலைவரிசை சற்றே குழியும். ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் நடுப்பகுதி நிரம்பி வரும், கூடவே ஊஊ என்ற இரைச்சலும் வரும். எர்த் சரியில்லாத பழைய மண்டபங்களில் இது பெரிய தொல்லை. பிக்கப் குழிகளுக்குள் செப்புத் தகடு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தால் பெரிதும் அடங்கும். லேமிங்டன் ரோட்டில் அந்த டேப் கிடைக்கும். அதே தெருவில் டோன் பாட் (ஒலியின் தன்மையை மாற்றும் குமிழ்) கரகரத்தால் மாற்ற ஏ 250 கே பாட்டும், 473 என்று போட்ட கப்பாசிட்டரும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். 473 என்றால் 0.047 மைக்ரோஃபாரட்.

ஜாஸ் பாஸிவ் பேஸ், பேட்டரி கிடையாது. அது வரம், ஒரு இடத்தில் மட்டும் சாபம். நம் சர்ச்களிலும் விழா மேடைகளிலும் பேஸுக்குத் தனி ஆம்ப் இல்லாமல் கேபிளை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் சொருகுவது வழக்கம். அந்த இன்புட்டின் மின்தடை பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். பாஸிவ் பிக்கப்புக்குத் தேவை ஐந்து லட்சம் ஓமுக்கு மேல். குறைந்த தடை பிக்கப்பை அமுக்கி, மேல் அலைவரிசையைத் தின்று, கம்பளி போர்த்திய சத்தமாக்கிவிடும். பாப்லர் மரம் அதனால்தான் இப்படி என்று பழி மரத்தின் மீது விழும். பேஸுக்கும் மிக்ஸருக்கும் நடுவே மின்தடையைப் பொருத்தித் தரும் ஒரு டிஐ பாக்ஸ் இதைத் தீர்க்கும். பாஸிவ் டிஐயை விட ஆக்டிவ் டிஐ நல்லது. ஜாஸ் வாங்குபவர் டிஐயின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

யமஹாவும் ஐபனெஸும் ஆக்டிவ். உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருப்பதால் நேராக மிக்ஸரில் சொருகினாலும் ஒலி அமுங்காது. தாராவி மேடையிலிருந்து ஸ்டுடியோ வரை ஒரே குணத்தோடு வரும். யமஹாவில் இரண்டு ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), பேலன்ஸ் குமிழ், பேஸ், ட்ரெபிள் குமிழ்கள், அதோடு ஐந்து நிலை ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும்) ஸ்விட்ச்: ஸ்லாப், பிக், ஃப்ளாட், ஃபிங்கர், சோலோ. ஸ்விட்சை ஃப்ளாட்டில் வைத்துத்தான் பேஸை எடைபோட வேண்டும். கடையில் ஸ்லாப் நிலையில் வைத்துக் காட்டினால் எல்லாமே பளபளக்கும். ஐபனெஸில் மூன்று பேண்ட் ஈக்யூவும், டபுள் காயில், சிங்கிள் காயில், பவர் டாப் என்ற மூன்று நிலை ஸ்விட்சும் உண்டு. நடு அலைவரிசையைத் தனியாகத் திருகிக்கொள்ள முடிவது கீபோர்டும் தபலாவும் நெருக்கும் மெல்லிசை மேடையில் பெரிய வசதி. மின்சுற்றில் இந்த ஒன்றில் மட்டும் ஐபனெஸ் யமஹாவை முந்துகிறது.

இரண்டுக்கும் பொதுவான குறை: 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் சத்தமே இல்லை, பாஸிவாக மாற்றும் ஸ்விட்ச் கிடையாது. கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட வேண்டும். ஒலி லேசாக நசுங்கி உடைவது போலத் தொடங்கினால் பேட்டரி போகப்போகிறது என்று அர்த்தம். பையில் புதுப் பேட்டரி ஒன்றும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் முதல் வேலை கம்பி மாற்றுவது. கடையில் பல மாதம் பல கை பட்ட கம்பியில் ஒப்பிட்டால் மரமும் தெரியாது, பிக்கப்பும் தெரியாது. 45 முதல் 105 வரையான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வவுண்ட் செட் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிறகு செட்டப். கடைக்காரர் இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அளவைக் கேளுங்கள். பார்த்துச் சரி பண்ணிட்டோம் என்ற பதில் போதாது.

அளவு எடுக்க ஃபீலர் கேஜ் வேண்டும். நம் மெக்கானிக்குகள் ஃபில்லர் கேஜ் என்பதுதான், நாக்தேவி தெருவில் எந்தக் கருவிக் கடையிலும் உண்டு. பேஸை டியூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். 7, 8ஆவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட் உச்சிக்கும் நடுவே 0.3 மி.மீ. தகடு உரசியும் உரசாமலும் போக வேண்டும். இடைவெளி கூடினால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை வலப்பக்கம் (கடிகார முள் சுற்றும் திசையில்) சுற்றுங்கள், குறைந்தால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது, சுற்றியதும் மறுபடி டியூன் செய்து அளக்க வேண்டும். இறுகி நின்றால் பலம் போடாதீர்கள், திறமையானவரிடம் கொடுங்கள். ராட் முறிந்தால் நெக்கே போச்சு. அடுத்து ஆக்‌ஷன்: 17ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மி.மீ. கடைசியாகப் பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஈ பக்கம் 3, ஜி பக்கம் 2.5 மி.மீ.யில் தொடங்குங்கள். பிக்கப்பை மிக நெருக்கி வைத்தால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும், ஸ்வரம் அலைந்து சீக்கிரம் தேயும். டெட் ஸ்பாட் என்று நினைத்துப் பயந்த பல பேஸ்களில் குறை இவ்வளவுதான்.

முதல் அளவை மே மாதத்தில் குறித்து வைத்தால் ஜூலையில் மறுபடி எடுங்கள். நெக்கின் பின்பக்கம் வார்னிஷ் போர்த்தியது, ஃப்ரெட்போர்டு வெறும் மரம், ஈரம் இரண்டிலும் சமமாக ஏறாது. அதனால் நெக் வளையும். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறு, அளந்தால்தான் தெரியும். அஃபினிட்டியின் ஒரே துண்டு நெக்கும் எஸ்ஆரின் மெல்லிய நெக்கும் பருவத்துக்கு ஒருமுறை ஆலன் கீயைக் கேட்கும் என்று எதிர்பார்த்தே வாங்க வேண்டும். யமஹா கேட்பது குறைவாக இருக்கும். ஏசி ஜாம் ரூமிலிருந்து வெளியே வந்ததும் பையை உடனே திறக்காமல் அரை மணி நேரம் மூடியே வைத்திருங்கள், குளிர்ந்த உலோகத்தில் நீர் படிவதுதான் கடலோர ஊரில் கம்பியும் பிக்கப் திருகும் துருப்பிடிக்கும் வழி. மழை இறங்கும் வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பையின் ஹெட்ஸ்டாக் பக்கம் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவை நிறம் மாறியதும் வெயிலில் காய வைப்பதை விடப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது, ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது.